மென்பொருள் வாங்குவதற்கு முன் இடாப்பைப் பற்றி யோசிப்போம்

எமது பாடசாலைகளிலும் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களிலும் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. "இனி எல்லாவற்றையும் கொம்பியூட்டருக்குக் கொண்டு வர வேண்டும்" என்பதே அது. நல்ல பேச்சுத்தான். கறையான் அரித்த இடாப்புகளையும் மழைநீர் பட்டு மை பரவிய சந்தாப் புத்தகங்களையும் பார்த்தவர்கள் யாரும் இதனை எதிர்க்க மாட்டார்கள்.

ஆனால், இவ்விடயம் பற்றிய கூட்டங்களில் எவை பேசப்படுகின்றன என்பதைக் கவனித்திருக்கிறேன். விலை எவ்வளவு? போனில் வேலை செய்யுமா? பெற்றோருக்குத் தானாக எஸ்.எம்.எஸ். போகுமா? பக்கத்து ஊர்ப் பாடசாலை எதைப் பாவிக்கிறது? இவை தேவையான கேள்விகள்தான். எனினும் இவற்றைவிட முக்கியமான ஒரு கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. பத்து வருடங்களின் பின்னர், இந்த மென்பொருளும் இல்லாமல், அதை விற்ற கம்பனியும் இல்லாமல், அதை இயக்கத் தெரிந்தவரும் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு, எமது பதிவுகள் எங்கே இருக்கும் என்பதே அக்கேள்வி.

நான் கணினிப் பொறியியலாளர் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, வகுப்பறையிலும் அலுவலக அறையிலும் மாறி மாறி இடாப்புகளோடு காலம் கழித்த ஓர் ஆசிரியன். அந்த அனுபவத்தைக் கொண்டும், மென்பொருள் துறையில் வேலை செய்யும் என் பழைய மாணவர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டும், ஒரு நிறுவனம் மென்பொருளைத் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டிய ஆறு கேள்விகளை இங்கு விளக்க முயல்கிறேன்.

ஒரு பதிவின் பெறுமதி

பாடசாலை அலுவலகத்துக்கு வருபவர்களில் ஒரு பகுதியினர் இன்றைய மாணவர்களின் பெற்றோர் அல்லர். முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் படித்தவர்கள் அவர்கள். ஒருவருக்கு விடுகைப் பத்திரத்தின் பிரதி வேண்டும். இன்னொருவரின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருக்கும். சேர்விடாப்பில் உள்ள பெயர் எது என்று பார்க்க வேண்டும். பழைய சேர்விடாப்பை எடுத்துத் தூசி தட்டி, அந்த வரியைக் கண்டுபிடித்துக் காட்டும்போது அவர்களின் முகத்தில் தெரியும் நிம்மதி சாதாரணமானதல்ல.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களிடமும், 2004 டிசம்பர் சுனாமியில் வீட்டோடு பத்திரங்களையும் இழந்த கிழக்கு, தெற்குக் கரையோர மக்களிடமும் கேட்டுப் பாருங்கள். "நீ யார் என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்ற கேள்வி எவ்வளவு பாரமானது என்று சொல்வார்கள். வசதியுள்ளவர் சட்டத்தரணியை வைத்துச் சமாளித்துக் கொள்வார். ஏழைக்கு அந்த ஒரு வரிப் பதிவுதான் துணை.

ஆகவே அடிப்படையான ஒரு விடயத்தை முதலில் விளங்கிக் கொள்வோம். மென்பொருள் என்பது வாடகை வீடு. பதிவுகள் என்பவை வீட்டுச் சாமான்கள். வாடகை வீட்டை மாற்றத்தான் வேண்டி வரும். மாறும்போது சாமான்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதைக் குடியேறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

பாமினி தந்த பாடம்

இது ஏதோ கற்பனைக் கவலை என்று நினைப்பவர்களுக்கு, நாம் எல்லோரும் அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. அதுதான் பாமினி எழுத்துரு.

இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்த அனைவருக்கும் பாமினியைத் தெரியும். பரீட்சை வினாத்தாள், கூட்ட அறிக்கை, சுற்றறிக்கை, கல்யாணக் கார்ட் எல்லாம் அதிலேயே தயாராகின. இன்றும் பல அச்சகங்களில் அதுதான் பாவனையில் இருக்கிறது. ஆனால் பாமினியில் தட்டச்சு செய்த கோப்புக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் உருவத்தை உடுத்திவிடுவதே அந்த எழுத்துருவின் வேலை. "அம்மா" என்று திரையில் நாம் காணும் சொல், கோப்புக்குள் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்ற ஐந்து குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும்.

இதன் விளைவுகளைப் பாருங்கள். பாமினி நிறுவப்படாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். கூகுளில் தமிழில் தேடினால் அகப்படாது. மாணவர் பட்டியலை எக்ஸெலில் அகர வரிசைப்படுத்தினால் பாத்திமா முதலிலும், மரியம் அடுத்தும், அதன் பிறகே அஹமதும் வருவார்கள். ஏனெனில், கணினியின் கண்ணுக்கு "அ" என்பது ஆங்கில "எம்", "ம" என்பது ஆங்கில "கே", "ப" என்பது ஆங்கில "ஜி". கணினி தன் அறிவுக்கு எட்டியவரை சரியாகவே அடுக்கியிருக்கிறது.

தமிழ் எழுத்துகளுக்கு உலகப் பொதுவான குறியீட்டை வழங்கிய யுனிகோட் நியமம் 1991ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. கணினிகளும் போன்களும் அதனை முழுமையாக ஆதரிக்கப் பல வருடங்கள் சென்றன. அதற்கிடையில் வருடக்கணக்கான ஆவணங்கள் பாமினியிலும் அதைப் போன்ற வேறு எழுத்துருக்களிலும் குவிந்துவிட்டன. யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. ஆயினும், தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்தை அவற்றில் இட்டால் ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் மனிதக் கண் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாமினியைத் தெரிவு செய்தவர்கள் தவறு செய்யவில்லை. அன்று கையில் இருந்தது அதுதான். ஆனால் இன்று எமக்குத் தெரிவு இருக்கிறது. இனி எழுதும் ஒவ்வொன்றையும் யுனிகோடில் எழுதுவது செலவே இல்லாத முதல் சீர்திருத்தம். வாங்கப்போகும் மென்பொருளில் தமிழ்ப் பெயர்களை யுனிகோடில் தட்டச்சு செய்து, தேடி, வரிசைப்படுத்திக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

முதலாவது கேள்வி: வெளியே எடுக்க முடியுமா?

"உங்கள் மென்பொருளை நாங்கள் நாளைக்கு நிறுத்தினால், எங்கள் பதிவுகள் அனைத்தையும் எந்த வடிவத்தில் தருவீர்கள்?" விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

"பி.டி.எப். ஆகத் தருவோம்" என்பது போதுமான பதில் அல்ல. பி.டி.எப். வாசிப்பதற்கும் அச்சிடுவதற்கும் நல்லது. அதிலிருந்து இன்னொரு மென்பொருளுக்குப் பதிவுகளைக் கொண்டு செல்வது பெரும்பாடு. எக்ஸெல் கோப்பாகவோ, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சி.எஸ்.வி. கோப்பாகவோ கிடைக்க வேண்டும். சி.எஸ்.வி. என்பது மிக எளிய வடிவம். எந்தக் கணினியிலும், எந்தச் சாதாரண எழுத்துச் செயலியிலும் அதைத் திறக்கலாம். இன்னும் இருபது வருடங்கள் சென்றாலும் திறக்கலாம்.

வாக்குறுதியை மட்டும் நம்ப வேண்டாம். பரீட்சார்த்தமாக இருபது மாணவர்களின் விபரங்களை உள்ளிட்டு, அப்போதே வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில், கம்பனி மூடப்பட்ட பின்னர் கணினித் திரையை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, இரண்டு பிள்ளைகள் மாதக்கணக்கில் கொப்பியில் எழுதி எடுத்தார்கள். கணினிமயப்படுத்தலின் பலன் மீண்டும் கொப்பிக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது கேள்வி: படி எங்கே இருக்கிறது?

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைத் தாங்கியிருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் கட்டமைப்பு, கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உள்ளிட்ட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதியின் மின்னஞ்சல்களை மீட்க முடியாமல் போனது. அக்காலப்பகுதிக்கு, தாக்குதல் எட்டாத இடத்தில் வைக்கப்பட்ட படி ஒன்று இருக்கவில்லை என்பதே காரணம். பாவிக்கப்பட்ட மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பாக இருந்தது.

ஓர் அரசாங்கத்துக்கே இந்நிலை என்றால், அலுவலக மேசையில் உள்ள ஒரேயொரு கணினியில் முழு ஊரின் சந்தாக் கணக்கையும் வைத்திருக்கும் நிர்வாகத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

தொழில்நுட்பவியலாளர்கள் இதற்கு ஓர் எளிய விதி சொல்வார்கள். எந்தப் பதிவுக்கும் மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். எமது அளவுக்கு இதனை இப்படிச் செய்யலாம். ஒரு படி அலுவலகக் கணினியில். ஒரு படி, எடுத்த பின் கழற்றி வைக்கும் வன்தட்டில். ஒரு படி இணையத்திலோ, கட்டடத்துக்கு வெளியே பொறுப்பானவர் ஒருவரின் பாதுகாப்பிலோ. கழற்றி வைப்பது முக்கியம். எப்போதும் கணினியோடு பொருத்தியே இருக்கும் வன்தட்டையும் தீம்பொருள் சேர்த்தே பூட்டிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்து பார்க்காத படி, படி அல்ல. தவணைக்கு ஒரு தடவையாவது அந்தப் படியை வேறொரு கணினியில் திறந்து, ஒரு மாணவரின் பெயரையாவது தேடிப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: நாளைக்கு யார் பார்ப்பார்?

"எங்கள் பழைய மாணவர் ஒருவர் சொப்ட்வெயார் என்ஜினியர். அவர் இலவசமாகச் செய்து தருவார்." கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. அந்தப் பிள்ளையின் நல்ல மனதை மதிக்க வேண்டும். ஆனால் மென்பொருள் கட்டி முடித்ததும் வேலை முடிகிறது என்று எண்ணுவது கிணறு வெட்டியதும் வாளியும் கயிறும் தேவையில்லை என்று எண்ணுவது போன்றது.

கட்டுவது வேலையின் சிறு பகுதிதான். அமைச்சு பாடத் தெரிவை மாற்றும். புள்ளித் திட்டம் மாறும். இயங்குதளம் காலாவதியாகும். மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக் கொண்டது. எமது பாடசாலைகளில் உள்ள கணினிகள் பல இன்னமும் அதிலேயே ஓடுகின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மென்பொருளுக்குள் கை வைக்க ஒருவர் தேவை. அந்தப் பிள்ளைக்குக் கட்டாரில் வேலை கிடைத்துவிட்டால் யார் அதைச் செய்வது?

இதை நான் என் பழைய மாணவர் ஒருவரிடமே கேட்டேன். "சேர், நீங்க என்னைய நம்புறது பெரிய விசயம். ஆனா என்னைய மட்டும் நம்பி செய்யாதீங்க" என்றார். தான் எழுதும் நிரலை இன்னொருவரும் வாசித்து விளங்கிக் கொள்ளக்கூடியதாக எழுதி, விளக்கக் குறிப்புகளோடு, கடவுச்சொற்களோடு நிறுவனத்திடம் ஒப்படைப்பதே ஒழுங்கு என்றும் சொன்னார். அத்துறையில் நன்கறியப்பட்ட பிரெடரிக் புரூக்ஸ் என்பவரின் 1975ஆம் ஆண்டு நூலின் கருத்தொன்றையும் அவர்தான் எனக்கு அறிமுகப்படுத்தினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பதே அது. புதியவருக்கு விளங்கப்படுத்துவதிலேயே பழையவரின் நேரம் போய்விடும். அவசரத்துக்குப் பத்துப் பேரைப் பிடித்து முடித்துவிடலாம் என்பது மதில் கட்டும் வேலைக்குச் சரி, மென்பொருளுக்குச் சரிவராது.

அப்படியென்றால் நம்மவர்களால் எதுவும் முடியாதா? முடியும். 2004 சுனாமிக்குப் பின்னர், காணாமல் போனோர் விபரங்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்வதற்காக இலங்கையின் தொழில்நுட்பத் தன்னார்வலர்கள் "சஹானா" என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அதன் நிரலை எவரும் எடுத்துப் பாவிக்கவும் திருத்தவும் திறந்துவிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. அவ்வாறே 2020இன் தொடக்கத்தில் கொரோனா அச்சம் எழுந்தபோது, எமது சுகாதாரத் துறையினர் புதிய மென்பொருளைப் பூச்சியத்திலிருந்து கட்டத் தொடங்கவில்லை. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் வளர்ந்த, ஏற்கனவே இங்கு பாவனையிலிருந்த டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மென்பொருளை எடுத்து, வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்க ஏற்றவாறு மாற்றியமைத்தார்கள். பின்னர் அந்த முன்மாதிரியை வேறு நாடுகளும் எடுத்துக் கொண்டன.

இவ்விரண்டிலும் பாடம் ஒன்றே. ஏற்கனவே பலர் பாவிக்கும், பலர் திருத்தத் தெரிந்த ஒன்றை எடுத்துத் தமக்கேற்பச் சீரமைப்பது, தனியொருவர் புதிதாகக் கட்டுவதைவிடப் பாதுகாப்பானது. பல சிறிய பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் ஒழுங்காக அமைத்த ஓர் எக்ஸெல் கோப்பே போதுமானது என்பதையும் வெட்கமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நான்காவது கேள்வி: எமது பெயர்களுக்கு இடம் இருக்கிறதா?

பிறநாட்டில் தயாரான மென்பொருள்களில் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். எமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் அவ்வாறு இல்லை. தந்தையின் பெயரும் சில வேளை பாட்டனாரின் பெயரும் முதலெழுத்துகளாக முன்னே நிற்கும். ஒரே வகுப்பில் முதற்பெயரை மட்டும் எடுத்துக் காட்டினால் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேர் "முஹம்மத்", பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் "பாத்திமா". எந்த பாத்திமாவுக்கு வரவு போடுவது? அதற்கு மேல் ஒரே பெயரை முஹம்மத், முகம்மது, மொஹமட் என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள்.

இதற்கான தீர்வு பழைய சேர்விடாப்பிலேயே இருக்கிறது. அதுதான் சேர்விலக்கம். ஒருவருக்கு ஓர் இலக்கம், அது வாழ்நாளில் மாறாது, இன்னொருவருக்குக் கொடுக்கப்படாது. மென்பொருளில் பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் சாவி பெயராக இருக்கக்கூடாது, இந்த இலக்கமாக இருக்க வேண்டும். பள்ளிவாசல் சந்தாப் பதிவுக்கும் இதுவே பொருந்தும். வீட்டுக்கு ஓர் இலக்கம் கொடுங்கள்.

எக்ஸெலில் வேலை செய்பவர்கள் மூன்று பொறிகளைக் கவனிக்க வேண்டும். தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியத்தை எக்ஸெல் விழுங்கிவிடும். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை ஒரு பெரிய எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். 03/04/2012 என்பதைச் சில கணினிகள் ஏப்ரல் 3 என்றும் சில கணினிகள் மார்ச் 4 என்றும் எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டுக்கும் அந்த நிரலை "எழுத்து" வகையாக முன்கூட்டியே மாற்றி வைப்பது தீர்வு. மூன்றாவதுக்கு வருடம், மாதம், நாள் என்று 2012-04-03 ஆக எழுதுவது தீர்வு.

இவை அற்ப விடயங்கள் என்று தோன்றலாம். 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா தொற்றாளர்கள் 15,841 பேரின் விபரங்கள் நாளாந்தக் கணக்கில் சேராமல் விடுபட்டதாக அறிவித்தது. அவர்கள் பழைய வகை எக்ஸெல் கோப்பைப் பாவித்திருந்தார்கள். அதில் 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாது. நிறைந்த பிறகு வந்தவை சத்தமில்லாமல் வெளியே நின்றுவிட்டன. அந்த ஆயிரக்கணக்கானோருடன் பழகியவர்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. புதிய வகைக் கோப்பில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான நிரைகள் கொள்ளும். கோப்பின் வகையைத் தெரிவு செய்வது என்ற சிறிய முடிவு அது.

ஐந்தாவது கேள்வி: பிழை என்றால் யார் கேட்பார்?

"கொம்பியூட்டர் பிழை விடாது" என்று எம்மில் பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கையின் விலையைப் பிரித்தானியாவின் உப தபால் அதிபர்கள் கட்டினார்கள்.

1999ஆம் ஆண்டு முதல் அங்குள்ள தபாலகங்களில் "ஹொரைசன்" என்ற கணக்கு மென்பொருள் அறிமுகமானது. அதன் பின்னர் பல தபாலகங்களின் கணக்கில் பணம் குறைவதாகத் திரை காட்டியது. தாம் எடுக்கவில்லை என்று உப தபால் அதிபர்கள் சொன்னதை எவரும் நம்பவில்லை. திருட்டு, கணக்கு மோசடி என்று 900க்கும் மேற்பட்டோர் தண்டனைத் தீர்ப்புப் பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள். பலர் சொத்தை விற்று, இல்லாத கடனைக் கட்டினார்கள். மென்பொருளிலேயே குறைபாடுகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில்தான் தீர்ப்பளித்தது. 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை ரத்துச் செய்தது. இழந்த வருடங்களை எந்தச் சட்டமும் திருப்பித் தர முடியாது.

எமது பொருளாளர்களும் வகுப்பாசிரியர்களும் அந்நிலைக்கு ஆளாகக்கூடாது. ஆசிரியர் கலாசாலையில் எமக்கு இடாப்பு எழுதக் கற்றுத் தந்தபோது மூன்று விதிகளைச் சொல்லித் தந்தார்கள். அழிக்காதே, ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுது. வெட்டிய இடத்தில் கையொப்பமும் திகதியும் இடு. தாளைக் கிழிக்காதே. நல்ல மென்பொருளும் இதையேதான் செய்ய வேண்டும். யார், எப்போது, எதை, எதுவாக மாற்றினார் என்ற வரலாறு அதற்குள் இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பாவித்தால், பிழை வரும் நாளில் குற்றமற்றவரும் தன்னை நிரூபிக்க முடியாது. பணம் வாங்கும்போது கையால் எழுதிய பற்றுச்சீட்டின் அடிக்கட்டையையும் பாதுகாத்து வையுங்கள். திரைக்கும் மனிதனுக்கும் இடையே வழக்கு வந்தால் அதுவே சாட்சி.

ஆறாவது கேள்வி: யார் பார்க்கலாம்?

உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலும், மாணவரின் மருத்துவக் குறிப்பும், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் எம்மிடம் இருப்பது அமானிதமாகத்தான். ஆனால் இவை வட்ஸ்அப் குழுக்களில் படமாக வலம் வருவதைக் காண்கிறோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து அல்ல, ஓர் ஏழையின் மானத்துக்காகவேனும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும். புள்ளி பதியும் ஆசிரியருக்கு வறுமைப் பட்டியல் தெரிய வேண்டியதில்லை. மென்பொருளில் ஆளுக்கு ஆள் அனுமதியைப் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள். எக்ஸெல் என்றால் அவ்விபரங்களைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். ஒரேயொரு இடாப்பைத் தெரிவு செய்யுங்கள். வரவு இடாப்போ சந்தாப் பதிவோ, எதுவாகவும் இருக்கலாம். ஒரு தவணை முழுவதும் கொப்பியிலும் கணினியிலும் இரண்டிலும் எழுதுங்கள். மாத முடிவில் இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் ஏன் என்று தேடுங்கள். வித்தியாசமே இல்லாமல் ஒரு தவணை சென்ற பிறகு அடுத்த இடாப்புக்குப் போகலாம். இது இரட்டை வேலைதான். அந்த ஒரு தவணைச் சிரமம் பின்னர் பல வருடச் சிரமத்தைத் தடுக்கும்.

தவணை முடிவில் முழுப் பட்டியலையும் அச்சிட்டு, அதிபரோ தலைவரோ கையொப்பமிட்டு, கட்டி வையுங்கள். மின்சாரமும் கடவுச்சொல்லும் தேவைப்படாத படி அது ஒன்றுதான். பழைய இடாப்புகளைக் கணினியில் ஏற்றியாயிற்று என்று எரித்துவிடவும் வேண்டாம்.

இறுதியாக, அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு ஒரு தாளை எடுத்துச் செல்லுங்கள். அதில் இந்த ஆறு கேள்விகளையும் எழுதி, விற்பனையாளரின் பதிலை ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்து, அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். வெளியே எடுக்க முடியுமா, படி எங்கே, யார் பராமரிப்பார், எமது பெயர்களுக்குப் பொருந்துமா, மாற்றங்களின் வரலாறு இருக்குமா, யார் பார்க்கலாம். கையொப்பமிடத் தயங்குபவரிடம் ஊரின் பதிவுகளை ஒப்படைக்க வேண்டாம். ஒப்பமிட்டவரின் தாளை, வாங்கிய பற்றுச்சீட்டோடு சேர்த்துக் கோப்பில் இடுங்கள். எமக்குப் பின் அந்தக் கதிரையில் அமரப்போகும் அதிபருக்கும் பொருளாளருக்கும் அது தேவைப்படும்.